வயிறும் மூளையும்: மலைநாட்டுச் சரித்திரத்திலிருந்து

"தோட்டத்துப் பிள்ளைக்குப் படிப்பு ஏறாது" என்ற பேச்சு மலைநாட்டிலே நெடுங்காலமாக வழங்கி வருவது. தொழிலாளி சோம்பேறி, அவன் பெற்ற பிள்ளை மந்தம் என்று துரைமார் தம் பங்களாக்களிலே பேசினார்கள். கிளாக்கர்மார் தம் வீட்டுத் திண்ணைகளிலே பேசினார்கள். ஆசிரியர்கள் கூடும் அறைகளிலும் இப்பேச்சு இன்னும் முற்றாக ஓய்ந்துவிடவில்லை என்பது வெட்கத்துக்குரிய உண்மை. இவ்வாறு தீர்ப்புக் கூறுபவர்களிடம் ஆதாரம் கேட்டால், அம்மக்களின் பிறப்பைக் காட்டுவார்கள், சாதியைக் காட்டுவார்கள், குணத்தைக் காட்டுவார்கள். அவர்களுடைய வயிற்றைக் காட்டியவர்கள் மிகச் சிலரே.

நாம் இக்கட்டுரையில் வயிற்றைப் பற்றியே பேசப் புகுகிறோம். குடலுக்கும் மூளைக்கும் உள்ள உறவை இன்றைய விஞ்ஞானம் பெருமுயற்சியோடு ஆராய்ந்து வருகிறது. நம்முடைய குடலிலே வாழும் பாக்டீரியாக்களின் தொகை ஏறத்தாழ 38 லட்சம் கோடி என்று 2016-இல் வெளியான கணக்கொன்று கூறுகிறது. நம் உடலின் சொந்தக் கலங்களின் தொகையை விட அது சற்று அதிகம். குடற்சுவரிலே பத்துக் கோடிக்கு மேற்பட்ட நரம்புக் கலங்கள் உண்டு. குடலையும் மூளையையும் இணைக்கும் 'வேகஸ்' என்ற பெருநரம்பின் இழைகளில் மிகப் பெரும்பாலானவை மூளையின் கட்டளையைக் கீழே கொண்டு செல்பவை அல்ல. குடலின் செய்தியை மேலே கொண்டு செல்பவை. ஆண்டான் மேலே இருந்து ஆணையிட, அடிமை கீழே இருந்து பணிவது போல மூளையையும் வயிற்றையும் எண்ணி வந்தோமே, அந்த எண்ணம் இன்று ஆட்டம் கண்டுவிட்டது.

இந்தப் புதிய விஞ்ஞானத்தை மலைநாட்டு மக்கள் ஏன் அறிந்துகொள்ள வேண்டும்? ஏனெனில், ஒரு மக்கட்கூட்டத்தின் குடலிலே இருந்த நோயை அவர்களுடைய குணத்தின் மேல் ஏற்றிச் சொன்ன சரித்திரம் இந்த மலைகளிலேயே நடந்தேறியது. அந்தச் சரித்திரம் பாக்டீரியாவில் தொடங்கவில்லை. கண்ணுக்குத் தெரியும் ஒரு சிறு புழுவில் தொடங்குகிறது.

1838-இல் இத்தாலியின் மிலான் நகரத்து வைத்தியர் அஞ்செலோ டுபினி, இறந்த ஒரு குடியானவப் பெண்ணின் குடலை அறுத்துப் பார்த்தபோது அரை அங்குல நீளமுள்ள புழுக்களைக் கண்டார். இன்று நாம் கொழுக்கிப்புழு என்று அழைப்பது இதனையே. இப்புழு குடற்சுவரைப் பற்றிக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சுவது. 1880-ஆம் ஆண்டளவில் ஆல்ப்ஸ் மலையைக் குடைந்து கொத்தார்டு ரயில் சுரங்கம் அமைத்த தொழிலாளர்கள் நூற்றுக்கணக்கில் வெளிறி, மூச்சிரைத்து வீழ்ந்தார்கள்; அவர்களுடைய சோகைக்கு இந்தப் புழுவே காரணம் என்று அப்போது தெளிந்தது. 1898-இல் கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி, இப்புழுவின் குஞ்சுகள் ஈர மண்ணிலிருந்து வெறுங்காலின் தோலைத் துளைத்தே உடலுக்குள் புகுகின்றன என்று கண்டறிந்தார். மலம் மண்ணில் கலந்து, அந்த மண்ணை வெறுங்கால் மிதிக்குமிடமெல்லாம் இந்த நோய் வாழும். சப்பாத்து அணிந்தவனையும் மலசலகூடம் உள்ளவனையும் அது பெரும்பாலும் விட்டுவிடும். நோய்களுக்கும் வர்க்கம் உண்டென்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

ஒரு புழு ஒரு நாளில் உறிஞ்சும் இரத்தம் சில துளிகளுக்கு மேல் இராது. ஆனால் அரைகுறை உணவு உண்ணும் ஓர் உடலிலே நூற்றுக்கணக்கான புழுக்கள் ஆண்டுக்கணக்கில் உறிஞ்சினால், இரத்தத்தின் இரும்புச்சத்து வற்றிப் போகிறது. இரும்பு குறைந்தால் கைகால் மட்டுமா சோர்கிறது? மூளையின் நரம்பிழைகளுக்கு உறை அமைவதற்கும், நரம்புக்கு நரம்பு செய்தி கடத்தும் இரசாயனங்கள் உண்டாவதற்கும் இரும்பு இன்றியமையாதது. சோகை பிடித்த குழந்தை கவனம் சிதறுகிறது; கேட்டதை மறக்கிறது; வகுப்பிலே தூங்கி வழிகிறது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஏழை வெள்ளையர்களும் கறுப்பின மக்களும் இந்நோய்க்கு ஆளாகியிருந்தார்கள். சார்ல்ஸ் ஸ்டைல்ஸ் என்ற விஞ்ஞானி 1902-இல் அதனை எடுத்துக்காட்டியபோது, பத்திரிகைகள் இப்புழுவுக்குச் 'சோம்பல் கிருமி' என்றே பெயர் சூட்டின. அதுவரை அம்மக்களைப் பிறவிச் சோம்பேறிகள் என்று இகழ்ந்தவர்கள், நோயாளிகளைத்தான் தாம் இகழ்ந்து வந்தோம் என்பதை அப்போது கேட்க நேர்ந்தது.

இனி நம் மலைகளுக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே தமிழகத்தின் பஞ்சம் பிடித்த மாவட்டங்களிலிருந்து கங்காணிமாரால் திரட்டப்பட்ட மக்கள், மன்னார்க் கரையில் இறங்கி, காடுகளின் ஊடே மாத்தளை வரை நடந்து மலையேறினார்கள். வழியிலே காலராவுக்கும் காய்ச்சலுக்கும் பலியானவர்கள் பல்லாயிரவர். எஞ்சியவர்களின் உழைப்பால் கோப்பி விளைந்தது. 1869-இல் தோன்றிய இலைநோயால் கோப்பி அழிந்தபின் தேயிலை விளைந்தது. மகாவலியின் கிளையான கொத்மலை ஓயாவின் இரு மருங்கிலும், பூண்டுலோயாவிலும் றம்பொடையிலும், அப்பால் ஹட்டன், நுவரெலியா வரையிலும் மலை மலையாகப் பச்சைக் கம்பளம் விரிந்தது. அந்தக் கம்பளத்தின் மடிப்புகளிலே லயங்கள் எழுந்தன. ஒரு காம்பராவிலே ஒரு குடும்பம், சில வேளை இரண்டு குடும்பம். துரையின் பங்களாவுக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது. லயத்துக்கு ஓடைத் தண்ணீர் வந்தது. பலகாலம் லயத்து மக்களுக்குத் தேயிலைச் செடியின் மறைவே மலசலகூடமாக இருந்தது. விடிந்தால் பெரட்டுக்களத்திலே பேர் கொடுத்துவிட்டு, அதே செடிகளின் இடையே வெறுங்காலோடு கொழுந்தெடுக்கப் போனார்கள். புழுவுக்கு இதைவிட வசதியான ஏற்பாட்டை எவரும் செய்து கொடுத்திருக்க முடியாது. குளிர் மிகுந்த உச்சி மலைகளிலே அது அவ்வளவு எளிதாகத் தழைப்பதில்லை; வெப்பமும் ஈரமும் நிழலும் சேர்ந்த இடைநிலத் தோட்டங்களிலே அதன் ஆட்சி கொடுமையாக இருந்தது.

துரைத்தனம் இதனைக் காணாமல் இல்லை. 1912-இல் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளைப் பற்றியும் நோய்களைப் பற்றியும் கட்டளைச் சட்டங்கள் பிறந்தன. ஏட்டிலே சட்டம் இருந்தது. ஆனால் புழுவை நேரிட்டு எதிர்க்க வந்தது அமெரிக்க எண்ணெய்க் கோடீசுவரரின் பணத்தில் நடந்த ரொக்பெல்லர் நிறுவனம். 1916-இல் மாத்தளைப் பகுதித் தோட்டங்களிலே அதன் இயக்கம் தொடங்கிற்று. பரிசோதித்துப் பார்த்தபோது, தொழிலாளருள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் புழு இருந்தது. தைமோல் என்ற மருந்தும், பின்னர் செனோப்போடியம் என்ற எண்ணெயும் கொடுத்து, பேதிக்கு உப்புக் கொடுத்தார்கள். அளவு மிஞ்சினால் உயிரையே குடிக்கும் மருந்துகள் அவை. மருந்து குடித்தவர்கள் தேறினார்கள், இரத்தம் ஏறிற்று, வேலைக்கு வராத நாட்கள் குறைந்தன.

இங்கே நாம் ஒரு கணம் நின்று சிந்திக்க வேண்டும். அந்த இயக்கத்தின் வைத்தியர்கள் பலர் உண்மையான தொண்டுள்ளம் படைத்தவர்கள் என்பதை மறுப்பது நேர்மையாகாது. ஆயினும் தோட்ட முதலாளிகள் எந்தக் கோல் கொண்டு பலனை அளந்தார்கள்? தொழிலாளியின் ஆயுள் கூடிற்றா, அவன் பிள்ளையின் அறிவு மலர்ந்ததா என்று அளக்கவில்லை. எத்தனை பேர் வேலைக்கு வந்தார்கள், எவ்வளவு வேலை நடந்தது என்று அளந்தார்கள். புழுவும் துரையும் ஒரே உடலிலிருந்து உறிஞ்சினார்கள். புழுவின் பங்கு துரையின் பங்கைக் குறைத்ததால்தான் புழு பகையாயிற்று.

இதற்குச் சான்று மலசலகூடத்தின் கதையிலே இருக்கிறது. மருந்து குடித்துப் புழு நீங்கியவன் மறுநாளே அதே மண்ணை மிதித்தால் மீண்டும் புழு புகுவது திண்ணம். ஆகவே மருந்தோடு மலசலகூடமும் வேண்டும் என்று வைத்தியர்கள் வற்புறுத்தினார்கள். மருந்துக்கு இசைந்த தோட்டக்காரர்கள் மலசலகூடத்துக்கு வந்ததும் கையை இழுத்துக்கொண்டார்கள். செலவு அதிகம் என்றார்கள். கட்டினாலும் கூலிகள் உபயோகிக்க மாட்டார்கள் என்றார்கள். நோயை இந்தியாவிலிருந்தே கொண்டு வருகிறார்கள், நாம் என்ன செய்வது என்றார்கள். ஒரு முறை செலவிட்டால் தீரும் காரியத்தைத் தள்ளிப்போட்டு, திரும்பத் திரும்ப மருந்து கொடுப்பதையே மலிவென்று கண்டார்கள். புழு மீண்டும் வந்தது. ரொக்பெல்லர் நிறுவனத்தின் கவனம் மெல்லத் தோட்டங்களை விட்டு நகர்ந்தது. 1926-இல் களுத்துறையிலே சுகாதாரப் பகுதி என்ற புதிய அமைப்பு தொடங்கப்பட்டது. தோட்டச் சுகாதாரமோ பெரிதும் தோட்ட நிர்வாகத்தின் கையிலேயே பல பத்தாண்டுகள் தங்கிப் போயிற்று.

1948-இன் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. அதைத் தொடர்ந்து வாக்குரிமையும் போயிற்று. வாக்கில்லாதவன் எந்தப் பாராளுமன்ற அங்கத்தவரிடம் போய் மலசலகூடம் கேட்பான்? 1972-இலும் 1975-இலும் தோட்டங்கள் தேசியமயமாயின. அதற்கு இடையிலேயே, 1973-74-இல், அரிசிப் பங்கீடு குறைந்து மாவுக்கும் தட்டுப்பாடு வந்தபோது தோட்டங்களில் மரண விகிதம் செங்குத்தாக ஏறியது. 1979-க்கும் 1985-க்கும் இடையில் கொத்மலை ஓயாவின் குறுக்கே பேரணை எழுந்தது. 201 மெகாவாட் மின்சாரம் பிறப்பிக்கும் ஆற்றல் படைத்தது அது. அந்த நீரெல்லாம் இறங்கி வருவது தேயிலை மலைகளிலிருந்துதான். ஆயினும் நகரம், கிராமம், தோட்டம் என்ற மூன்று துறைகளுள் பாதுகாப்பான குடிநீர் மிகக் குறைவாகக் கிடைத்து வந்தது தோட்டத்துக்கே. நீர் பிறக்கும் மலையிலே நல்ல நீருக்குப் பஞ்சம்!

ரொக்பெல்லர் வைத்தியர்கள் வந்து முக்கால் நூற்றாண்டு கழிந்தபின், 1992-இல், தோட்டத்துறை முழுவதிலும் ஓர் ஆய்வு நடந்தது. குழந்தைகளிலும் பிள்ளைபெறும் வயதுடைய பெண்களிலும் 90 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்குக் குடற்புழு இருந்தது! மருந்து மட்டும் கொடுத்து மண்ணை விட்டுவிட்டதன் பலன் இது. 1994 முதல் 2005 வரை ஆண்டுக்கு இருமுறை பிள்ளைகளுக்குப் பூச்சி மருந்து கொடுக்கப்பட்டது. அது நின்று நான்கு ஆண்டுகள் கழித்துப் பள்ளிப் பிள்ளைகளைப் பரிசோதித்தபோது அந்த எண்ணிக்கை 29 சதவீதமாக இறங்கியிருந்தது. அவற்றுள் பெரும்பாலானவை நாக்குப்பூச்சி. இரத்தம் குடிக்கும் கொழுக்கிப்புழு அருகியிருந்தது. இது பெருவெற்றி, மறுக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு கேள்வி எஞ்சி நிற்கிறது. புழு குறைந்த பின்னும் தோட்டத்துக் குழந்தை ஏன் வளரவில்லை? 2016-ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட இலங்கைக் குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் ஏறத்தாழ 17 சதவீதம்; தோட்டத்துறையில் ஏறத்தாழ 32 சதவீதம். குன்றிய உயரத்தோடு குன்றிய கல்வியும் சேர்ந்து வருவதை உலகெங்கும் கண்டிருக்கிறார்கள்.

இந்தக் கேள்விக்கு விடை தேடும் இடத்திலேதான் புழுவின் சரித்திரம் பாக்டீரியாவின் சரித்திரத்தோடு கலக்கிறது. அதன் முதல் ஏடுகளுள் ஒன்று நமக்கு அணித்தேயுள்ள வேலூரில் எழுதப்பட்டது. 1960-களிலும் 70-களிலும் வேலூர்க் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரியில் பேக்கரும் மாதனும், வெளித்தோற்றத்துக்கு நோயற்றவர்களாகக் காணப்பட்ட ஏழை மக்களின் குடலை ஆராய்ந்தார்கள். உணவை உறிஞ்ச வேண்டிய குடலின் மெல்லிய விரல்கள் அவர்களிடையே மழுங்கியும் தட்டையாகியும் இருந்தன. அசுத்த நீரோடும் அசுத்த மண்ணோடும் வரும் கிருமிகள் நாள்தோறும் குடலைத் தாக்க, குடற்சுவர் ஓயாமல் அழன்று கொண்டிருக்கிறது. வயிற்றுப்போக்கு இல்லை, காய்ச்சல் இல்லை. ஆனால் உண்ட சோறு முழுதும் உடலில் சேர்வதில்லை. சுவரின் காவல் தளர்ந்து கிருமிகளின் துணுக்குகள் இரத்தத்தில் கசிகின்றன. உடல் தன் ஆற்றலை வளர்ச்சிக்குச் செலவிடாமல் ஓயாத போருக்குச் செலவிடுகிறது. உண்ணும் உணவின் ஆற்றலில் ஏறத்தாழ பாதியைக் கேட்கும் பிள்ளைப் பருவத்து மூளைக்கு இது எத்தகைய பட்டினி என்பதை விளக்க வேண்டுமா?

அடுத்து, குடலில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்களின் கதை. 2013-இல் ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டு இரட்டைக் குழந்தைகளைப் பற்றிய ஆராய்ச்சி வெளியாயிற்று. ஒரே வீடு, ஒரே தாய், ஒரே உணவு. ஒரு குழந்தை நலமாயிருக்க மற்றது கொடிய ஊட்டக்குறைவு நோயில் வீழ்ந்தது. நோயுற்ற குழந்தையின் குடற்பாக்டீரியாக்களைக் கிருமியற்ற எலிகளின் குடலிலே செலுத்தி, மலாவியின் ஏழை உணவையும் கொடுத்தபோது எலிகளும் மெலிந்தன. 2014-இல் வங்காளதேசத்திலே, ஊட்டம் குறைந்த குழந்தைகளின் குடற்பாக்டீரியாச் சமூகம் வயதுக்கேற்ப முதிராமல் பின்தங்கி நிற்பது தெரிந்தது. 2021-இல் அதே நாட்டிலே கடலை, சோயா, நிலக்கடலை, வாழைக்காய் இவற்றைச் சேர்த்து, அப்பாக்டீரியாக்களை வளர்ப்பதற்கென்றே ஓர் உணவு தயாரித்துக் கொடுத்தார்கள். வழக்கமான சத்துணவை விடக் கலோரி குறைந்த அவ்வுணவிலே குழந்தைகள் மேலும் நன்றாக எடை ஏறினார்கள். எலும்பின் வளர்ச்சியோடும் நரம்பின் வளர்ச்சியோடும் தொடர்புள்ள புரதங்களும் அவர்கள் இரத்தத்திலே மிகுந்தன. நம் சந்தைகளிலே கிடைக்கும் எளிய பண்டங்களன்றோ இவை? ஆனால் காலையிலும் மாலையிலும் கோதுமை மாவு ரொட்டியும் சீனி போட்ட தேத்தண்ணீருமாகக் கழியும் ஒரு லயத்துக் குடும்பத்தின் கூலியிலே பருப்பும் கடலையும் கீரையும் நாள்தோறும் வாங்க முடியுமா? பாக்டீரியாவின் பட்டினியும் மனிதனின் பட்டினியும் ஒரே சம்பளச் சீட்டிலேதான் எழுதப்படுகின்றன.

குடற்பாக்டீரியா மூளையைத் தொடுகிறது என்பதற்கு நேரடிச் சான்று உண்டா என்று சிலர் கேட்பார்கள். உண்டு, அது புதியதும் அன்று. ஈரல் கெட்டவர்களிடையே சித்தக் கலக்கமும் உறக்க மயக்கமும் தோன்றுவதுண்டு. குடற்பாக்டீரியாக்கள் உண்டாக்கும் அம்மோனியா முதலிய நச்சுக்களைக் கெட்ட ஈரல் தடுக்க முடியாமல், அவை மூளைக்கு ஏறுவதே காரணம் என்று 1950-களிலே பொஸ்டனிலும் லண்டனிலும் வைத்தியர்கள் தெளிந்தார்கள். குடற்கிருமியை அடக்கும் மருந்தைக் கொடுத்தபோது கலங்கிய சித்தம் தெளிந்தது. தவறணைகளிலே ஈரலைப் பறிகொடுத்த தொழிலாளிகளின் குடும்பங்கள் இக்கலக்கத்தைப் பேயின் வேலை என்று எண்ணியிருந்தால் அது வியப்பன்று. 2004-இல் ஜப்பானிலே கிருமியின்றி வளர்க்கப்பட்ட எலிகள் சிறு நெருக்கடிக்கும் அளவு மிஞ்சிக் கலங்கின. இளமையிலேயே ஒரு நல்ல பாக்டீரியாவைக் கொடுத்தபோது அக்கலக்கம் தணிந்தது. இளமையிலேயே கொடுத்தால்தான் பலன் என்பது இங்கே கவனிக்கத்தக்கது.

ஆயினும் விஞ்ஞானத்தின் பெயரால் மிகைப்படுத்துவதும் ஒரு மூடநம்பிக்கையே. எலி மனிதனாகாது. எந்தப் பாக்டீரியா எந்த அறிவைக் கூட்டும் என்று இன்று எவரும் அறுதியிட்டுச் சொல்லிவிட முடியாது. பூச்சி மருந்து மட்டும் கொடுத்தால் படிப்புத்திறன் உயர்ந்துவிடுமா என்பதே ஆராய்ச்சியாளரிடையே கடுமையாக விவாதிக்கப்படுகிறது. அமெரிக்கத் தென் மாநிலங்களில் புழு ஒழிப்புக்குப் பின் பள்ளிக்கு வந்த பிள்ளைகளின் தொகை உயர்ந்ததென்று 2007-இல் ஓர் ஆய்வு காட்டியது. அங்கே மருந்தோடு மலசலகூடத்துக்கான பிரசாரமும் நடந்தது. இன்னொரு பாடமும் உண்டு. 2018-இலும் 2019-இலும் வங்காளதேசம், கென்யா, சிம்பாப்வே ஆகிய நாடுகளில் வீட்டுக்கொரு எளிய மலசலகூடமும் கைகழுவும் வசதியும் அமைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். அவற்றால் மட்டும் குழந்தைகளின் உயரம் கூடவில்லை. சூழல் முழுவதும் அசுத்தமாயிருக்க, ஒரு குழியும் ஒரு வாளியும் போதா என்பதே அதன் பொருள். அரைத் தீர்வு கொடுத்துவிட்டு, "இவர்கள் திருந்த மாட்டார்கள்" என்று கைகழுவுவதற்கு இடமில்லை. முழு வீடு, முழு நீர், முழு உணவு, முழுக் கூலி என்பனவே மருந்து.

இதை மறைக்க இன்று வேறு ஒரு வியாபாரம் கிளம்பியிருக்கிறது. நல்ல பாக்டீரியா என்று சொல்லிப் புட்டியிலும் மாத்திரையிலும் அடைத்து, மூளைக்குக் கூர்மை தரும் என்று விற்கிறார்கள். அன்று தைமோல் கொடுத்து மலசலகூடத்தை மறந்த மனப்பான்மைக்கும், இன்று மாத்திரை விற்றுக் கூலியை மறக்கும் மனப்பான்மைக்கும் வேற்றுமை பெரிதன்று. இரண்டும் நோயை மனிதனின் வயிற்றுக்குள்ளேயே அடைத்துவிட்டு, அந்த வயிறு வாழும் லயத்தைப் பார்க்க மறுப்பவை.

ஆசிரிய நண்பர்களே! மாணவத் தோழர்களே! வகுப்பிலே கடைசி வாங்கில் அமர்ந்து, கேட்ட கேள்விக்கு விழித்துக் கொண்டிருக்கும் ஒரு தோட்டத்துப் பிள்ளையை நாம் அன்றாடம் காண்கிறோம். அந்தப் பிள்ளை காலையில் என்ன உண்டது, எந்த நீரைக் குடித்தது, அதன் தாய் கர்ப்பிணியாயிருந்தபோது எத்தனை மாதம் வரை மலையேறிக் கொழுந்தெடுத்தாள் என்று கேட்பதும் நம் பாடத்திட்டத்தில் சேர்ந்ததுதான். அதே வேளையில், வயிற்றைப் பற்றிய இந்த அறிவைக் கொண்டு, "இவர்கள் மூளை குன்றியவர்கள், விஞ்ஞானமே சொல்லிவிட்டது" என்று புதிய முத்திரை குத்துவதற்கும் நாம் இடம் கொடுக்கலாகாது. வயிற்றுப் பட்டினியோடும் புழுவோடும் போராடிக்கொண்டே இந்த மலைகளின் பிள்ளைகள் ஆசிரியர்களாகவும் வைத்தியர்களாகவும் எழுத்தாளர்களாகவும் உயர்ந்திருக்கிறார்கள். மூளை வளையக்கூடியது, வளரக்கூடியது, உணவும் அன்பும் கல்வியும் கிடைக்குமாயின் இழந்ததில் பெரும்பங்கை மீட்கக்கூடியது.

சோம்பல் என்று பெயரிடப்பட்டது சோகை. மந்தம் என்று பெயரிடப்பட்டது பசி. இவ்விரண்டையும் பிறப்பித்தது பிறப்பன்று. ஒரு நூற்றாண்டுக்கு முன்னே மலசலகூடத்துக்கான செலவைக் கணக்குப் பார்த்துத் தள்ளிவிட்ட ஓர் ஏற்பாடு. அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை. அதைத் தீர்க்கும் வரை, தோட்டத்துப் பிள்ளையின் பரீட்சைத் தாளிலே நாம் இடும் ஒவ்வொரு குறைந்த புள்ளியிலும் ஒரு பங்கு அந்தத் தோட்டத்தின் பேரேட்டிலே எழுதப்பட வேண்டியது என்பதை மறவாதிருப்போமாக.